டுரியான் தீப்புஸ் சோதனை: புழுங்கலரிசியும் பெரிபெரி நோயும்

சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலைவழியே ஏறி இறங்கினால் கோலா கிளாவாங் வரும். அது ஜெலுபு மாவட்டத்தின் தலைநகர். அதற்கும் அப்பால், பகாங் எல்லையை அடுத்த பகுதியில் டுரியான் தீப்புஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. பள்ளி அறிவியல் நூல்களில் வைட்டமின் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் ஜாவாத் தீவும், அங்கே கோழிகளை வைத்து ஆராய்ந்த ஐக்மன் என்னும் டச்சு மருத்துவரும் தவறாமல் இடம்பெறுவர். டுரியான் தீப்புஸ் இடம்பெறுவதில்லை. ஆயினும் 1907, 1908ஆம் ஆண்டுகளில் அங்கே நடந்த சோதனை சாதாரணமானதன்று. மக்கள் நலத் திட்டம் ஒன்றை வகுக்குமுன் அதன் அடியில் கிடக்கும் எண்ணம் மெய்தானா என்று உரைத்துப் பார்ப்பது எப்படி என்பதற்கு மலாயா தந்த சிறந்த சான்று அது. அச்சோதனையின் நடுவே இருந்த பொருள், தமிழர் அடுப்பங்கரையில் அன்றாடம் புழங்கும் புழுங்கலரிசி.

பெரிபெரி என்னும் நோயின் பெயர் சிங்கள மொழியிலிருந்து வந்தது என்பர். 'இயலாது, இயலாது' என்பது அதன் பொருளாம். பொருத்தமான பெயரே. முதலில் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும். சிலருக்கு உடல் வற்றும், சிலருக்கு நீர் கோத்து வீங்கும். இதயம் தாக்கப்பட்டால் சாவு விரைவில் வரும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் இந்நோயால் மாண்டோர் ஆயிரக்கணக்கினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். கம்பத்து மலாய்க்காரரிடம் இந்நோய் அரிது. தோட்டங்களில் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் கொத்துக்கொத்தாக மடிந்த தமிழரிடமும் பெரிபெரி மட்டும் அரிதாகவே காணப்பட்டது.

இதற்குக் காரணம் யாது? கிருமியே எல்லா நோய்க்கும் மூலம் என்ற எண்ணம் மேலோங்கியிருந்த காலம் அது. டச்சு அரசு 1886இல் ஜாவாவுக்கு அனுப்பிய ஆராய்ச்சிக் குழு, பெரிபெரியும் கிருமியால் வருவதே என்று கருதியது. அக்கருத்தை நம்பிப் படைவீரர் தங்கும் கட்டடங்களுக்குக் கிருமிநாசினி தெளித்தனர். நோய் குறையவில்லை. கோலாலம்பூரில் 1900இல் நிறுவப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட்டும் புடு சிறையில் ஆராய்ந்து, குடலைத் தாக்கும் ஒரு கிருமியே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். அறிவிலும் உழைப்பிலும் குறைந்தவர் எவரும் அவர்களுள் இலர். எடுத்துக்கொண்ட கருத்து பிழையாதலால் அதன்மேல் கட்டிய வேலையெல்லாம் வீணாயிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு கதை ஜப்பானில் நடந்தது. கடற்படை மருத்துவர் தக்காக்கி கனேஹிரோ, உணவில் புரதம் குறைவதே பெரிபெரிக்குக் காரணம் என எண்ணினார். 1882இல் புறப்பட்ட ரியூஜோ என்னும் பயிற்சிக் கப்பலில் 376 பேரில் 169 பேருக்கு நோய் கண்டது. 25 பேர் இறந்தனர். அதே வழியில் 1884இல் சென்ற வேறொரு கப்பலில் அவர் இறைச்சியும் பயறும் மிகுந்த உணவைக் கொடுக்கச் செய்தார். ஒருவரும் இறக்கவில்லை. திட்டத்தின் பயனை மட்டும் அளப்பவர் எவரும் இதற்கு முழு மதிப்பெண் தருவர். ஆனால் தக்காக்கியின் கருத்து தவறு. புரதம் காரணமன்று, புதிய உணவோடு கூடவே வேறொன்று உள்ளே சென்றது. கருத்து உறுதியாக நிலைநாட்டப்படாமையால் ஜப்பானியத் தரைப்படை மருத்துவர்கள் அதனை ஏற்க மறுத்து, வீரர்களுக்கு வெள்ளையரிசியே வழங்கினர். 1904-05இல் நடந்த ரஷ்யப் போரில் அத்தரைப்படை பெரிபெரிக்குப் பலிகொடுத்த உயிர்கள் ஏறத்தாழ 27,000. காரணம் தெளிவாகாத வெற்றியைப் பக்கத்துப் பாசறைக்கும் கொண்டுசேர்க்க முடியாமற்போயிற்று.

இனி நெகிரி செம்பிலானுக்கு வருவோம். அந்நாளில் இம்மாநிலத்தின் அரசாங்க மருத்துவராய்ச் சிரம்பானில் இருந்தவர் டாக்டர் டபிள்யூ. எல். பிராடன். மூன்று இனத்தாரும் ஒரே மண்ணில், ஒரே மழையில் வாழ்ந்தும், நோய் மட்டும் ஓரினத்தாரை விடாது பற்றுவதை அவர் கூர்ந்து நோக்கினார். மற்றவர்கள் நீரையும் காற்றையும் ஆராய்ந்துகொண்டிருக்க, அவர் சோற்றுப்பானையை எட்டிப் பார்த்தார் எனலாம். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளையரிசி. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை வேண்டும்போது வீட்டிலேயே குத்தி உண்டனர். தமிழர்க்கோ இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசி. வேற்றுமை இனத்தில் இல்லை, அரிசியில் இருக்கிறது என்று பிராடன் துணிந்தார். 1907இல் அவர் வெளியிட்ட பெருநூல் இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்தது.

அவர் கண்டது சரி. அதற்கு அவர் கூறிய விளக்கம் சரியன்று. தீட்டிய வெள்ளையரிசி நாட்பட்டுப் பழையதாகும்போது அதில் ஒரு பூஞ்சை படர்ந்து நச்சுப்பொருளை உண்டாக்குகிறது என்றும், நெல்லை அவித்துவிடுவதால் புழுங்கலில் அந்நஞ்சு உண்டாவதில்லை என்றும் அவர் நம்பினார். வீட்டில் குத்திய அரிசி புதிதாக இருப்பதால் மலாய்க்காரர் தப்பினர் என்பது அவர் வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. மூன்று இனத்தாரின் நிலையையும் இவ்வொரு விளக்கம் தீர்த்துவைக்கிறதே! எல்லாவற்றையும் அழகாய் விளக்கிவிடும் கருத்தைப் பற்றித்தான் ஆராய்ச்சியாளன் மிகவும் ஐயுற வேண்டும்.

முதற் சோதனை கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நடந்தது. நடத்தியவர் டாக்டர் வில்லியம் பிளெட்சர். 1905 டிசம்பரில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண் பெற்றோர் ஒரு பக்கம்; அவர்க்கு வழக்கமான சயாம் வெள்ளையரிசி. இரட்டைப்படை எண் பெற்றோர் மறுபக்கம், அவர்க்குப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் இரு சாரார்க்கும் ஒன்றே. தங்கும் கூடத்தில் ஏதும் தொற்று இருக்குமோ என்ற ஐயத்தைப் போக்க, 1906 ஜூன் மாதத்தில் இரு பிரிவினரையும் இடம் மாற்றி வைத்தார். வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்ட 123 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. நோய் கண்ட இருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே அதைக் கொண்டுவந்தவர்கள்.

பிளெட்சரின் முடிவுரை கவனிக்கத்தக்கது. வெள்ளையரிசி நேராகவோ மறைமுகமாகவோ நோய்க்குக் காரணமாகிறது என்றார். அதில் நஞ்சு இருக்கிறதா, சத்துக் குறைகிறதா, குறைந்த சத்தினால் தளர்ந்த உடலைக் கிருமி தாக்குகிறதா என்ற கேள்விகளைத் திறந்தே விட்டுவிட்டார். தன் சோதனை சொன்னதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மனநோய் மருத்துவமனை பழைய கட்டடம், நெருக்கமான இடம், ஏற்கெனவே நோய் கண்ட மனை. தொற்றுக் கொள்கையினர் இன்னும் மறுக்க இடமிருந்தது. ஆகவேதான் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் காட்டைத் தேடிப் போனார்கள். டுரியான் தீப்புஸ் பகுதியில் சாலை அமைக்க ஏறத்தாழ 300 ஜாவானிய ஒப்பந்தத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டிருந்தனர். காடு அழித்துப் புதிதாகக் கட்டிய குடில்கள். அவற்றில் முன்பு எவரும் நோயுற்றுக் கிடந்ததில்லை. தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தனர். மூன்று மாதம் போல் ஆனதும் வெள்ளையரிசிப் பிரிவில் பெரிபெரி தலைகாட்டியது. அவர்களுக்குப் புழுங்கல் கொடுக்கவே நோய் நின்றது. பிறகு முறையைத் தலைகீழாக்கி, அதுவரை புழுங்கல் உண்டு நலமாயிருந்தவர்களுக்கு வெள்ளையரிசி கொடுத்தனர். அவர்களிடமும் அதே கால அளவில் நோய் தோன்றியது.

இத்தலைகீழ் மாற்றமே சோதனைக்கு வலிமை தந்தது. ஒரு பிரிவினர் இயல்பாகவே மெலிந்தவர்கள் என்றோ, அவர்கள் இருந்த இடம் தீயது என்றோ இனிச் சொல்ல வழியில்லை. நோய் அரிசியைப் பின்தொடர்ந்தே சென்றது.

ஆனால் அத்தொழிலாளர் நிலையை எண்ணாமல் மேலே செல்வது முறையன்று. ஒப்பந்தத்தால் கட்டுண்டு, வேற்று நாட்டுக் காட்டில், கொடுத்ததை உண்ண வேண்டிய நிலையில் இருந்தவர்கள் அவர்கள். வெள்ளையரிசி நோய் தரும் என்ற ஐயம் வலுத்த பிறகும், அது மெய்தானா என்று காண்பதற்காகவே நலமாயிருந்த பாதிப் பேருக்கு அதைக் கொடுத்தார்கள். இன்று எந்த ஆய்வு நெறிக்குழுவும் இதற்கு இசையாது. கோலாலம்பூரில் வரிசையில் நின்று எண்ணப்பட்டவர்களோ தமக்கு என்ன நடக்கிறது என்று கேட்கும் நிலையிலும் இல்லை. மருத்துவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. சோறு உண்டு காட்டியவர்களின் பெயர்கள் இல்லை.

அரிசிதான் என்பது உறுதியாயிற்று. அரிசியில் எது என்பது எஞ்சி நின்றது. இதற்குப் பிரேசரும் ஸ்டாண்டனும் கோழிகளின் துணையை நாடினர். ஐக்மன் ஜாவாவில் ஏற்கெனவே காட்டியிருந்தபடி, தீட்டிய அரிசி மட்டுமே உண்ணும் கோழி சில வாரங்களில் கால் முடங்கும். பிராடன் சொன்னது உண்மையாயின், ஆலையிலிருந்து அன்றே வந்த புத்தரிசி தீங்கு செய்யக்கூடாது. அதைக் கொடுத்தபோதும் கோழிகள் முடங்கின. பழமையும் பூஞ்சையும் காரணமல்ல என்பது இதனால் விளங்கிற்று. தீட்டும்போது உதிரும் தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் கோழிகள் நலமாயிருந்தன. மேலும் ஒரு படி சென்று, புழுங்கலரிசியைச் சாராயத்தில் ஊறவைத்து அதன் சாரத்தை வடித்தெடுத்தனர். சாரம் இழந்த புழுங்கலரிசி கோழிகளை முடக்கியது. வெள்ளையரிசியோடு சேர்த்துக் கொடுத்த அச்சாரம் அவற்றைக் காத்தது. நஞ்சாயின் சாரத்தோடு போயிருக்க வேண்டும். இங்கே போனது காக்கும் பொருள். வெள்ளையரிசியில் தீயது ஒன்றும் இல்லை. இருக்க வேண்டியது ஒன்று இல்லை. ஜாவாவில் கிரைன்ஸ் என்பவர் 1901லேயே இவ்வெண்ணத்தை வெளியிட்டிருந்தார்.

புழுங்கல் ஏன் காக்கிறது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள உயிர்ச்சத்து நீரோடு கலந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது, அரிசியும் இறுகுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் சத்து முழுவதும் போய்விடாது. நன்கு தீட்டிய பச்சரிசியில் நூறு கிராமுக்கு 0.1 மில்லிகிராம் அளவுகூட இராத இச்சத்து, தீட்டிய புழுங்கலில் அதனினும் சில மடங்கு இருக்கும். பச்சரிசி என்பதாலேயே அது தீயதாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைக்குத்தல் பச்சரிசி உண்ட மலாய்க்காரர் நலமாகவே இருந்தனர்.

பிராடனின் கருத்தைச் சோதிக்காமலே அரசாங்கம் அதன்மேல் ஒரு திட்டம் வகுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழைய அரிசியை விற்கக்கூடாது, மூட்டைகளில் ஈரம் படக்கூடாது, ஆலையிலிருந்து வந்த அரிசியை இத்தனை நாளுக்குள் உண்டுவிட வேண்டும் என்றெல்லாம் விதிகள் பிறந்திருக்கும். கிடங்குகள் துப்புரவாகியிருக்கும். மேற்பார்வையாளர் அறிக்கைகள் ஒழுங்காக வந்திருக்கும். சுரங்கத்துச் சீனர் புத்தம்புது வெள்ளையரிசியை உண்டு முன்போலவே மாண்டிருப்பர். ஐந்தாண்டு கழித்து மதிப்பிட வந்தவர், திட்டம் சரியாக நடத்தப்படவில்லை என்று கீழிருக்கும் எழுத்தர்கள்மீதும் கடைக்காரர்கள்மீதும் பழி போட்டிருப்பார். அல்லது, அரிசிக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று எழுதி, கண்டுபிடித்த உண்மையையும் சேர்த்துப் புதைத்திருப்பார். இரண்டாவது பிழை முதற்பிழையினும் கொடியது.

திட்டம் தோற்பதும் கோட்பாடு தோற்பதும் வேறு வேறு என்பதை எட்வர்ட் சச்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1967இல், பொது நலப் பணிகளை மதிப்பிடும் முறைபற்றிய தம் நூலில் பிரித்துக் காட்டினார். செய்ய நினைத்ததைச் செய்யாமையால் வரும் தோல்வி ஒன்று. செய்து முடித்தும், செய்தது நோயின் மூலத்தைத் தொடாமையால் வரும் தோல்வி மற்றொன்று. மதிப்பீட்டுத் துறையினர் இன்றும் இப்பாகுபாட்டை ஆள்கின்றனர். டுரியான் தீப்புஸ் அந்நூலுக்கு அறுபதாண்டு மூத்தது.

பெரிபெரிக்கு இருந்த இந்தப் பொறுமை மலேரியாவுக்கு எளிதில் வாய்க்கவில்லை. தமிழரைப் பொறுத்தவரை அதுவே பெரிய கொலையாளி. 1901இல் கிள்ளானிலும், இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் காட்டை வெட்டச் செய்தார். அவ்விரு நகரங்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த மலேரியா நோயாளர் 1902இல் 199 பேர். 1905இல் 23 பேர். காடும் சதுப்புமே மலேரியாவின் வீடு, அவற்றை அழித்தால் நோய் அழியும் என்ற எண்ணம் வேரூன்றியது. கடலோரச் சமநிலத்தில் அது மெய். நெகிரி செம்பிலானின் பெரும்பாலான தோட்டங்களோ குன்றும் பள்ளமுமான நிலத்தில் உள்ளவை. அத்தகைய நிலத்தில் காட்டை அழித்ததும் மலேரியா பெருகிற்று. கடலோரத்துக் கொசு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. குன்றுநிலத்துக் கொசுவாகிய அனோபிலிஸ் மாக்குலாட்டஸ், வெயில் படும் தெளிந்த ஓடைநீரை விரும்புவது. ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டிச் சாய்த்தவர்கள் தெரியாமலே அதற்கு நீரோடைகளைத் திறந்துகொடுத்தனர். லயங்கள் பெரும்பாலும் அவ்வோடைகளை ஒட்டியே இருந்தன.

கிள்ளானில் தேறிய கருத்து குன்றுநிலத்துக்கும் தேறிற்றா என்று முன்னமே உரைத்துப் பார்த்தவர் இலர். அதைக் கண்டறிந்தவரும் வாட்சனே என்பது அவர் பெருமை. எந்தக் கொசு, எந்த நீர் என்று இடந்தோறும் அறிந்தபின், நிலத்தடிக் குழாய்களில் ஓடைநீரை மறைப்பதும், எண்ணெய் தெளிப்பதும் குன்றுத் தோட்டங்களுக்குரிய முறைகளாயின. அவ்வறிவு வருமுன் புதிதாகத் திறந்த தோட்டங்களில் புதைக்கப்பட்ட தமிழர் பலர்.

மீண்டும் அரிசிக்கு வருவோம். 1910இல் மணிலாவில் கூடிய கீழ்த்திசை வெப்பநாட்டு மருத்துவ மாநாடு, தீட்டிய அரிசியே பெரிபெரிக்குக் காரணம் என்ற முடிவை ஏற்றது. அவ்வாண்டே பிலிப்பீன் அரசு தன் நிறுவனங்களில் தீட்டிய அரிசியை விலக்கியது. அங்கிருந்த உள்நாட்டுச் சாரணப் படையில் 1909இல் 558 பேருக்குக் கண்ட நோய் 1911இல் மூவருக்கே கண்டது. சிறைக்கும் படைக்கும் உத்தரவு போதும். ஊருக்கு அது போதாது. புழுங்கலின் மணமும் நிறமும் பழகாதவர்க்குப் பிடிப்பதில்லை. வெண்மையே உயர்வு என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. மலாயாவில் சிறைக்கும் மருத்துவமனைக்கும் வெளியே மக்கள் விரும்பிய அரிசியையே உண்டனர். பெரிபெரியும் பல்லாண்டுகள் நீடித்தது. புழுங்கல் காக்கும் என்பதைச் சோதித்தார்கள். சொன்னால் உண்பார்கள் என்பதைச் சோதிக்கவில்லை.

தாயகத்திலும் இதே வேற்றுமை தென்பட்டது. பழைய சென்னை மாகாணத்தில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார்க் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் இல்லை. குன்னூர் ஆராய்ச்சிக் கூடத்தில் மக்காரிசனும் அவருக்குப்பின் அய்க்ராய்டும் இதனை ஆராய்ந்தனர். அச்சத்தைப் பிரித்தெடுத்தது 1926இல், ஜாவாவில். 1936இல் அதைச் செயற்கையாகச் செய்துகாட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் நெல்லூரில் பிறந்த அமெரிக்கர்.

1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்தது. பர்மா அரிசியும் இந்திய அரிசியும் நின்றன. தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. அடுத்த ஆண்டு, நெகிரி செம்பிலான் உட்பட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் புண்ணும் அங்கே அவர்களைக் கொன்றன. அவற்றோடு பெரிபெரியும் சேர்ந்தது. முகாம்களுக்கு வந்தது தீட்டிய வெள்ளையரிசி, அதுவும் போதாத அளவில். தமிழரை இந்நோய் தீண்டுவதில்லை என்று பிராடன் சிரம்பானில் குறித்துவைத்து அப்போது நாற்பதாண்டுகூட ஆகவில்லை.